பச்சைத் தண்ணீரில் போகும் கறை

முதல் ரத்தத்துக்கும் இரண்டாவது ரத்தத்துக்கும் நடுவில் ஐம்பத்தோரு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி வரை. அவ்வளவு நேரமும் சின்னவனுக்குக் கை நிறைய வேலை இருந்தது. அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

முதல் ரத்தம் வந்தபோது அண்ணி வீட்டில் இல்லை. துவைத்த துணியை லாட்ஜில் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தாள். சலவைக்கூடத்துக்கு மேலேயே வீடு. கீழே மெஷின் சுற்றினால் மேலே தரை லேசாக அதிரும். அந்த அதிர்வில்தான் அண்ணனுக்குத் தூக்கமே வரும். சின்னவன் பால் டம்ளரோடு மாடி ஏறியபோது அண்ணன் கட்டிலில் ஒருபக்கமாகச் சாய்ந்து, தலையணை உறையின் ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உறையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சின்னது.

"என்னண்ணே இது?"

"பல்லு."

"பல்லா?"

"ஈறுலேர்ந்து வந்திருக்கும். ரெண்டு மாசமா பல்லுக்கு ஒரு வேலையும் குடுக்கல இல்ல, கோவிச்சுக்கிட்டு அழுவுது."

சின்னவன் டம்ளரைக் கீழே வைத்தான். டாக்டருக்குப் போன் செய்யவில்லை. அண்ணனின் வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. தலையணையிலிருந்து உறையை உருவிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

சலவை வேலையில் கறையைப் பார்த்தால் முதலில் கைதான் போகும், புத்தி பின்னால் வரும். ரத்தக்கறைக்கு அவசரம் இன்னும் அதிகம். காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். வெந்நீர் பட்டால் அவ்வளவுதான். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி ரத்தம் நூலுக்குள்ளேயே வெந்து இறுகிவிடும். பிறகு துணி கிழியும், கறை போகாது. லாட்ஜ் விரிப்புகளில் வாரத்துக்கு நாலைந்து அப்படி வரும். யாருடையது, எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் காய்ந்துவிடும்.

உறையைப் பின்பக்கமாகத் திருப்பித் தண்ணீரைப் பாயவிட்டான். சிவப்பு வெளுத்து, ரோஜா நிறமாகி, தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. துணி வெள்ளையானதும் உடம்பு தளர்ந்து ஒரு நிம்மதி வந்தது. எந்தக் கறை போனாலும் வருகிற நிம்மதிதான். ஆனால் அண்ணனுக்கே சரியாகிவிட்ட மாதிரி அவன் அதை எடுத்துக்கொண்டான்.

மேலே போனபோது அண்ணன் பாலைக் குடிக்காமல் காத்திருந்தான்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே."

"அண்ணே, ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொன்னாங்க? ரத்தம் பாத்தா உடனே ஓடி வாங்கன்னு சொன்னாங்களா இல்லையா?"

"ஒரு ஸ்பூன் வந்தாக்கூட வாங்கன்னாங்க. இது ஸ்பூன்ல கால்வாசி தேறுமா?"

"நீ அளந்து பாத்தியாக்கும்."

"டேய், கேளு. எனக்குச் சாகப் பயமில்ல. அந்த மூக்குக் குழாய்க்குத்தான் பயம். மறுபடி அதை விட்டாங்கன்னா நான் பிடுங்கி எறிஞ்சிட்டு ஓடிடுவேன்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நாளைக்கும் வந்துச்சுன்னா நானே சொல்லிடறேன். வரலைன்னா பல்லுதான். சரியா?"

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. சின்னவன் தலையை ஆட்டினான். வீட்டின் உறைகள் இரண்டும் ஈரமாக இருந்ததால், கீழே மடித்து வைத்திருந்த லாட்ஜ் உறை ஒன்றை எடுத்து வந்து தலையணைக்குப் போட்டான்.

அண்ணனுக்கு உணவுக்குழாயில் புற்று. அதை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து, ஒடுக்கிக் குழாய் மாதிரி ஆக்கி, நெஞ்சுக்குள் தைத்திருந்தார்கள். "இப்ப எனக்குத் தொண்டைக்குக் கீழே நேரா வயிறு. நடுவுல தரகர் கிடையாது" என்று அண்ணன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். தையலில் ஓரிடம் கசிந்து நெஞ்சுக்குள் சீழ் வைத்துவிட்டது. ஒரு வாரத்தில் திரும்ப வேண்டியவன் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். விலாவில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். திரும்பி வந்தபோது அவனுடைய சட்டைகள் எல்லாம் கொடியில் தொங்குவது போலவே அவன்மேலும் தொங்கின.

மறுநாள் ரத்தம் வரவில்லை.

வராதது மட்டுமில்லை. திங்கட்கிழமை போல ஒரு நல்ல நாள் அந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. அண்ணன் பாலில் ஊறிய ரொட்டி ஒன்றரைத் துண்டு சாப்பிட்டான். பாதி முட்டை சாப்பிட்டான். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, தானே கீழே இறங்கி வந்தான். அண்ணி பின்னாலேயே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வெளியே நான்கு நாளாக விட்டு விட்டுத் தூறல். மொட்டைமாடியில் எதுவும் காயவில்லை. கூடத்துக்குள்ளேயே கம்பி கட்டி, மின்விசிறிகளை முழு வேகத்தில் வைத்து, விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரத் துணி வாடை, சோப்புத்தூள் வாடை, இஸ்திரி உருளையின் சூட்டு வாடை. அண்ணன் மூக்கை நிமிர்த்தி அதை இழுத்தான்.

"ஆஸ்பத்திரில எல்லாம் இருக்கு. இந்த வாடைதான் இல்ல."

"ஆமா, பெரிய சென்ட்டு" என்றாள் அண்ணி. அவள் முகம் மலர்ந்திருந்தது.

லாட்ஜ் மேனேஜர் மூட்டையோடு வந்தவர் அண்ணனைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா, நீ போய்ச் சேந்துட்டேன்னு எங்க ரிசப்ஷன்ல பேசிக்கிட்டாங்க?"

"போனேன். உங்க லாட்ஜ் மூட்டையும் கூடவே வந்திருந்துச்சு. பிரிச்சுப் பாத்துட்டு மேல இருக்கறவன் மூக்கைப் பொத்திக்கிட்டான். இதை முதல்ல துவைச்சுட்டு வாடான்னு திருப்பி அனுப்பிட்டான்."

மேனேஜர் சிரித்து, சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இரு, இரு. ஒரு நூறு வருஷத்துக்கு நான் மூட்டை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் அண்ணியும் சின்னவனும் இரட்டைக் கட்டில் விரிப்புகளை மடித்தார்கள். அதைத் தனியாளாக மடிக்க முடியாது. இரண்டு மூலை ஒருவரிடம், இரண்டு மூலை மற்றவரிடம். எதிரெதிரே நின்று உதறி, விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடப்பார்கள். கையோடு கை தொடும் இடத்தில் ஒருவர் தன் மூலைகளை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவார். மறுபடி இழுத்து, மறுபடி நடை. அண்ணி கல்யாணமாகி வந்தபோது சின்னவன் பள்ளிக்கூடப் பையன். அன்றிலிருந்து அவளோடு அவன் பேசியதில் பாதிக்கு மேல் இப்படி மடித்துக்கொண்டே பேசியதுதான். தள்ளி நிற்கும்போது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும். கிட்டே வரும்போது மெதுவாகச் சொன்னால் போதும்.

"தம்பி, பாத்தியா, ஒன்றரைத் துண்டு!" என்று தள்ளி நின்று கத்தினாள்.

"பாத்தேன் அண்ணி!"

கிட்டே வந்தார்கள். "நான் தெனமும் காலைல எந்திரிச்சதும் தலையணையத்தான் பாக்கறேன். அப்புறம் பேசினு. அந்த நர்ஸ் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பிச்சு. இதுவரைக்கும் ஒண்ணுமில்ல. கடவுள் கண்ணு தொறந்துட்டான்."

மூலைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். அடுத்த முறை கிட்டே வரும்போது சொல்லிவிடலாம் என்று சின்னவன் நினைத்தான். வந்தாள். அவன் மூலையைக் கொடுத்தான்.

"ஆமா, அந்தத் தலையணைல இருக்கற உறை நம்மளுது இல்லையே? ஓரத்துல சிவப்பு நூல் நம்பர் இருக்கு. லாட்ஜோடதாச்சே."

"நம்மளுது காயல அண்ணி. அதான்."

"எனக்கென்ன, ராஜா மாதிரி லாட்ஜ் உறைல படுக்கட்டும். நம்பரைப் பாத்து மறக்காம திருப்பிக் குடு. அந்தாளு ஒண்ணொண்ணா எண்ணுவாரு."

அவ்வளவுதான். அவள் பின்னால் போய்விட்டாள். அண்ணன் முக்காலியில் இருந்தபடியே சின்னவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் கீழே வரவில்லை. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். நேற்றுப் படி இறங்கியதில் வந்த வலி என்று அண்ணி தைலம் தேய்த்துவிட்டாள். வாயு என்றான் அண்ணன். சின்னவன் கீழே போய்ப் பெரிய மெஷினுக்குள் மூட்டையைப் பிரித்துக் கொட்டினான்.

மதியம் ஒரு மணிக்கு மாடியிலிருந்து பேசின் விழுகிற சத்தம். பிறகு அண்ணியின் குரல்.

ஒரு காபிக் கோப்பை அளவு இருக்கும். துணியில் பார்த்த அதே பளிச்சென்ற சிவப்பு. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முகம் தாள் மாதிரி வெளுத்திருந்தது. கைக்கு எட்டிய லாட்ஜ் விரிப்பு ஒன்றில் அவனைச் சுற்றி, சின்னவனே தூக்கிக்கொண்டு படி இறங்கினான். பெரிய ஆண்பிள்ளையின் எடை இல்லை. பிழிந்த துணி மூட்டை இதைவிடக் கனமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். வேகமாகவும் பொறுமையாகவும் வேலை செய்தாள். இரண்டு கையிலும் ஊசி போட்டு, முகத்தில் மூச்சுக்கருவியை வைத்துவிட்டு, அண்ணியிடம் திரும்பினாள்.

"இதுக்கு முன்னாடி ரத்தம் வந்துச்சாம்மா? எச்சில்ல, வாந்தில, படுக்கைல? ரொம்பக் கொஞ்சமா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேணாம் டாக்டர். தலையணை, விரிப்பு, பேசின் எல்லாம் தெனமும் நான் பாக்கறேன். எங்க தொழிலே அதுதான். என் கண்ணுல படாம ஒரு கறை போயிடாது."

டாக்டரம்மா சின்னவன் பக்கம் பார்த்தாள். "நீங்களும் அதே வீடா? நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

அண்ணன் மூச்சுக்கருவிக்கு மேலே கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை லேசாக, இல்லை என்பது போல அசைந்தது. சொல்லாதே என்கிறானா, வலி தாங்காமல் அசைக்கிறானா என்று தெரியவில்லை. பக்கத்தில் அண்ணி நிமிர்ந்து நின்றாள். இந்த வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று நிற்கிற நிற்பு.

"அண்ணிதான் பாப்பாங்க" என்றான் சின்னவன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"அப்ப இதுதான் முதல் தடவை" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "தையல் போட்ட இடத்துல புண் இருக்கலாம். ரத்தம் ஏத்தறோம். நாலு மணிக்கு உள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு அதுக்கு மருந்து போடலாம். இப்போதைக்கு நின்னிருக்கு."

புண். எவ்வளவு நல்ல வார்த்தையாக இருந்தது அது. புண் என்றால் ஆறும். புண் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சின்னவன் நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வார்த்தையை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான். டாக்டரம்மா இரண்டு முறை அந்த வழியாகப் போனாள். முதல் முறை அவன் எழுந்து நின்றான். அவள் போனில் பேசிக்கொண்டு போனாள். இரண்டாவது முறை அவள் தனியாகத்தான் போனாள். அவன் எழவில்லை.

"மூக்குல குழாய் விடுவாங்களோ?" என்றாள் அண்ணி.

"கேமரா வாய் வழியாத்தான் விடுவாங்க."

"அப்ப சண்டை போட மாட்டாரு." கொஞ்ச நேரம் கழித்து, "கீழ மெஷின அணைச்சியா?" என்றாள்.

"தெரியல அண்ணி."

"அதுவா நின்னிருக்கும். பிழிஞ்சுட்டு நின்னிருக்கும். மடிப்பு விழுந்துடும், அவ்வளவுதான்."

நாலு மணி ஆகவில்லை. கதவுக்கு உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. ஒருவர் ஓடினார், பின்னாலேயே மூன்று பேர் ஓடினார்கள். கட்டிலை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் முகம் தெரியவில்லை. அத்தனை பேர் சுற்றிக் குனிந்திருந்தார்கள். கட்டிலின் பக்கவாட்டில் சொட்டியது தரையில் கோடாகப் போனது. கோடு நேராகப் போய், வளைவில் திரும்பி, அறுவை அறைக் கதவுக்குள் மறைந்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்து, அண்ணனைச் சுற்றிக் கொண்டுவந்த லாட்ஜ் விரிப்பைப் பந்தாகச் சுருட்டி அண்ணி மடியில் வைத்துவிட்டுத் திரும்ப ஓடினாள்.

வெகு நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். அண்ணனுக்கு முதலில் அறுவை செய்தவர் அவர்தான். நின்றபடியே பேசினார்.

"புண் இல்லம்மா. இதயத்துலேர்ந்து கீழ இறங்கற பெரிய ரத்தக்குழாய். நாங்க தைச்ச இடத்தை ஒட்டித்தான் போகுது. உள்ள இருந்த சீழ் அதோட சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு. எப்பவாவது ஒருத்தருக்கு நடக்கறது. நடந்தா இப்படித்தான் ஆகும்."

"இப்ப என்ன செய்வீங்க?"

"தொடை வழியா ஒரு உறையை உள்ள கொண்டுபோய் ஓட்டையை உள்பக்கமிருந்து மூடப் பாக்கறோம். கம்பி வலைமேல துணி தைச்சிருக்கும்."

"துணியா?" என்றாள் அண்ணி. "என்ன துணி டாக்டர்?"

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "பாலியஸ்டர்."

"அது தாங்கும்" என்றாள். தனக்குத்தானே சொல்வது போல. "அது சீக்கிரம் நையாது."

"துணி தாங்கும்மா. அவரு தாங்கணும். ரொம்ப ரத்தம் போயிடுச்சு. நடுவுல ஒரு தடவை இதயம் நின்னு, திருப்பி ஓட வெச்சிருக்கோம். அடைச்சாலும் உள்ள சீழ் இருக்கு. உங்களுக்கு நம்பிக்கை குடுத்துட்டு உள்ள போக எனக்கு மனசு வரல."

அண்ணி தலையை ஆட்டினாள். புரிந்துகொண்ட தலையாட்டல்.

டாக்டர் போகத் திரும்பியவர் நின்றார். "பெரும்பாலும் இது ஒரு தடவை முன்னாடியே காட்டும். கொஞ்சமா வந்து தானா நின்னுடும். ரத்தம் உறைஞ்சு ஓட்டையை அடைச்சுக்கும். அப்புறம் சில மணி நேரம், சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள், ஒண்ணுமே இருக்காது. நல்லா ஆயிட்ட மாதிரிகூட இருக்கும். அந்த நேரத்துல வந்தா எங்களால ஏதாவது செய்ய முடியும். மதியம் வீட்டுல வந்ததும், இங்க பெரிசா வந்ததும் அடுத்தடுத்து ஆயிடுச்சு. சில பேருக்கு முன்னாடி காட்டாமலேயும் போயிடும். நீங்க மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

கதவு மூடியது.

அண்ணி மடியில் இருந்த விரிப்பைப் பார்த்தாள். ஓரமெல்லாம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. சட்டென்று எழுந்தாள்.

"காயுது தம்பி. அங்க குழாய் இருக்கு பாரு. பச்சைத் தண்ணில ஒரு அலசு அலசிடலாம்."

"வேணாம் அண்ணி."

"லாட்ஜ் துணிடா. காஞ்சா போகாது."

"போகவேணாம் அண்ணி. இருக்கட்டும்."

அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அண்ணி அவனை வினோதமாகப் பார்த்தாள். பிறகு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், விரிப்பைப் பிரித்து இரண்டு மூலைகளை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். நடைபாதை அகலம் போதவில்லை. அண்ணி சுவரோரம் வரை பின்னால் போனாள். நடுவில் பெரிய கறை, இருவருக்கும் இடையில் விறைப்பாக நின்றது. ஜன்னல் கண்ணாடியில் தூறல் வழிந்தது.

"காட்டும்னு சொல்றாரே" என்றாள் அங்கிருந்தே. "ஒரு தடவை காட்டும்னு சொல்றாரே தம்பி."

"சில பேருக்குக் காட்டாதுன்னும் சொன்னாரு."

"இல்ல. காட்டியிருக்கும். நான்தான் விட்டுட்டேன்." பாதியாக மடித்து நடந்து வரத் தொடங்கினாள். "அந்தத் தைலத்தத் தேச்சுக்கிட்டு நின்னேன் பாரு. சனிக்கிழமை காலைல அவசரத்துல லைட்டைக்கூடப் போடாம தலையணையப் பாத்தேன். அன்னிக்கு வந்திருக்கும். என் கண்ணு என்ன கண்ணோ. டாக்டர்கிட்ட அப்படி மார்தட்டினேனே, என் கண்ணுல படாம போகாதுன்னு. எங்கேயோ வந்திருக்கு, நான்தான் பாக்கல. நான்தான் அவரை..."

அவள் கிட்டே வந்துவிட்டாள். கையோடு கை தொட்டது. மூலைகளை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனியப் போனாள். சின்னவன் மூலைகளோடு அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க எதையும் விடல அண்ணி."

"என்னடா?"

"ஞாயித்துக்கிழமை காலைல, நீங்க லாட்ஜுக்குப் போயிருந்தப்ப வந்துச்சு. தலையணை உறைல. நான்தான் அலசினேன்."